தன் மேலேயே புகார் கொடுத்தவர்

கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கற்களின் மேல் அந்த ஃபைபர் படகு ஒருக்களித்துக் கிடந்தது. அடிப்பாகம் நீளவாக்கில் பிளந்திருந்தது. இன்ஜின் கழன்று, இரண்டு கற்களுக்கு நடுவே தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளிச் சாலையோரத்தில் என் கார் நின்றது. பின்விளக்கு ஒன்று உடைந்ததைத் தவிர அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு குடும்பத்தின் சோற்றைக் கவிழ்த்துவிட்டு இது மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறதே என்று எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. டயரை ஓங்கி ஓர் உதை விட்டேன். என் கால்விரல் வீங்கியதுதான் மிச்சம்.

கார் என்னுடையது, ஓட்டியது நான் இல்லை. தண்டையார்பேட்டையில் நாங்கள் இருக்கும் சந்தில் எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தாலே ஒன்று இறங்கித் தள்ள வேண்டும். அங்கே இருந்துகொண்டு கார் வாங்கப் போகிறேன் என்றதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் பிடிவாதக்காரி. செகண்ட் ஹேண்டில் ஒரு சின்னக் காரை வாங்கியும் விட்டேன். அதன் பிறகுதான் நிறுத்த இடமில்லை என்பது உறைத்தது. அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, "எங்க தெரு மொனையில வுட்டுட்டுப் போ பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர்கள் திருவொற்றியூரில் கடலோரச் சாலையை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில் வாடகைக்கு இருந்தார்கள். சாவி அவர்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். குப்பத்தில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யார் வீட்டுக் கிழவருக்குக் கண் ஆபரேஷன் என்றாலும், மாமா காரை எடுப்பார். என்னைக் கேட்டுக்கொண்டு எடுங்கள் என்று நான் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போய் நின்றால் தெருவே "கார்க்காரப் பொண்ணு வந்துட்டா" என்று சொல்லும். எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

மாமா துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கேட்டுக்குள் நுழையும்வரை சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் சீட்டிலேயே. வரிசையில் யாராவது குறுக்கே நுழைந்தால் மாமா இறங்கிப் போய்ப் பேசும் பேச்சை அச்சில் போட முடியாது. வீட்டில் அவருக்கு வாயில் கொழுக்கட்டை. அக்கா பத்துக் கேள்வி கேட்டால் ஒரு "ம்" வரும். அவ்வளவு நீளமான வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு வண்டிகளுக்கு நடுவே சொருகுவதில் யார்டில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவருடைய கூட்டாளிகளே சொல்வார்கள். அந்த மனிதர் ஒரு சின்னக் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது படகை இடித்துவிட்டார் என்று அக்கா போனில் சொன்னபோது, நான் முதலில் சிரித்துவிட்டேன்.

நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவரைப் போட்டுக்கார அக்கா என்போம். படகுக்கு அங்கே போட்டு என்றுதான் பேர்; அது அவர் பெயரில் இருந்தது. கணவரும் கொழுந்தனாரும் கடலுக்குப் போவார்கள். வந்த மீனைப் பேரம் பேசி விற்பது போட்டுக்கார அக்காவின் வேலை. அன்று முற்பகலில் அவருடைய மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியும், அது வரும்வரை காத்திருக்க யாருக்கும் தைரியமில்லை. மாமா வீட்டில் இருந்தார். கிழவியைத் தூக்கிப் பின்சீட்டில் அக்காவின் மடியில் சாய்த்தார்கள். கிழவி மூச்சுக்குத் தவிக்க, "சீக்கிரம் எடுண்ணா, எடுண்ணா" என்று அக்கா அலற, மாமா தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் கிழவியின் முகத்தையே பார்த்தபடி வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டார். பின்னால் சாலையோரத்தில் புதிதாகப் பெயின்ட் அடித்து, இன்ஜினும் மாட்டி, கடலில் இறக்கத் தயாராகக் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்த படகு நின்றது. கார் இடித்ததில் முட்டுக்கட்டை நழுவி, படகு கருங்கல் சரிவில் புரண்டு இறங்கியது. அது அக்காவின் படகு. சத்தம் கேட்டு மாமா பிரேக்கை மிதித்தார். அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தார். விழுந்தது எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அது போவட்டும்ணா, நீ நிக்காத" என்றார்.

ராயபுரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் கிழவி பிழைத்துக்கொண்டார். படகு பிழைக்கவில்லை. அது விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகளெல்லாம் கட்டிக் கிடக்க, ஃபைபர் படகுக்காரர்கள் மட்டும் கடலுக்குப் போகும் நாட்கள். கரைக்கு எது வந்தாலும் நல்ல விலைக்குப் போகும். வருஷம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் சோற்றை அந்த நாட்களில்தான் அள்ள வேண்டும். அக்கா குடும்பத்துக்கு அந்தப் படகை விட்டால் வேறு பிழைப்பும் கிடையாது.

நான் ராயபுரத்தில், துறைமுகச் சரக்கை எடுத்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பில் போடும் வேலையில் இருந்தேன். என் அக்காவின் போன் வந்ததும், எனக்குக் கார் இன்ஷூரன்ஸ் போட்டுக்கொடுத்த ஏஜென்டைக் கூப்பிட்டேன். அவர் பதறவே இல்லை. ஓட்டியவரிடம் லைசென்ஸ் இருந்ததா என்று கேட்டார். டிரெய்லரே ஓட்டுகிறவர் என்றேன். "அப்ப கவலையை விடுங்க மேடம். இன்ஷூரன்ஸ் வண்டிக்கு. லைசென்ஸ் இருக்கிற யாரு உங்க சம்மதத்தோட ஓட்டியிருந்தாலும், அடுத்தவங்க சொத்துக்கு ஆன சேதத்துக்கு கம்பெனி குடுக்கும்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த மூச்சில் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. நாங்களே செஞ்சு குடுத்துடறோம்னு நீங்க யாரும் பேசி முடிச்சுடக் கூடாது. ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டீங்கன்னா கம்பெனி கையைக் கழுவிடும். போலீஸ்ல எஃப்.ஐ.ஆர். வேணும். படகுக்காரங்க உங்க மேல கோர்ட்டுல கேஸ் போடணும்."

"என் மேலயா? நான் ஆபீஸ்ல இல்ல இருந்தேன்!"

"வண்டி உங்க பேர்ல இருக்கே மேடம். சாவி யாருகிட்ட இருந்தாலும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. உங்க மேல கேஸ் வந்தாத்தான், உங்களுக்குப் பதிலா கம்பெனி குடுக்கும்."

அவர் போனை வைக்கவும் என் அக்கா மறுபடி கூப்பிடவும் சரியாக இருந்தது. சாயங்காலம் ஊர்க்கூட்டமாம். மாமா எல்லார் முன்னாலும் நின்று, படகை நானே செய்து கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கப் போகிறாராம். படகும் இன்ஜினும் புதிதாக வாங்க வேண்டும் என்றால், மாமா இருக்கிற ஆயுள் முழுக்க டிரெய்லர் ஓட்டினாலும் ஆகாது. வாக்குக் கொடுத்துவிட்டால் கம்பெனியும் வராது. போன் போட்டுப் பார்த்தேன், மனிதர் எடுக்கவில்லை. பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். அன்றைக்கென்று பார்த்துக் கன்டெய்னர் வரிசை சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த டிரெய்லர்காரர்கள் ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் பஸ்ஸை விட்டு இறங்கி, புழுதியில் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நடையும் ஓட்டமுமாகப் போனேன். வழியில்தான் படகைப் பார்த்ததும், காரை உதைத்ததும்.

அம்மன் கோயில் கொட்டகையில் ஊர்த்தலைவரும் மற்றப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளியே நிற்பதுதான் அங்கே வழக்கம். மாமா நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்ன சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒரு வார்த்தைக்கு நாம் தவம் கிடக்க வேண்டும். அன்று பார்த்து வாயைத் திறந்துவிட்டார்.

"மாமா, ஒண்ணும் சொல்லாதீங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா இது, சபை நடந்துகினு கீது, நீ பாட்டுக்கு உள்ள வந்து நிக்கிற?"

நான் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். கார் என் பெயரில் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது, முழுப் படகுக்கும் கம்பெனி கொடுக்கும், ஆனால் போட்டுக்கார அக்கா எங்கள் மேல் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லி முடித்ததும் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அந்தக் குப்பத்தில் ஊர் அனுமதி இல்லாமல் ஒருவர் மேல் ஒருவர் ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. போனால் அபராதம், மீறினால் நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். அந்த அனுமதியைத்தான் நான் கேட்டேன்.

"இவ மாமியாரைச் சாவுலேர்ந்து இட்டாந்து வுட்டவன் மேல, இவளே போயி எழுதிக் குடுக்கணுமா?" என்றார் தலைவர். "கம்பெனி குடுக்கும், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நாளைக்கு ஒருத்தன் மாரைப் புடிச்சிகினு வுழுந்தா, எவன் தூக்கிகினு ஓடியாருவான்? நமக்கு இன்னாத்துக்கு வம்புன்னு கதவைச் சாத்திக்குவான். ஊரே சேந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குடுக்கறோம். ஸ்டேஷன் பேச்சு வேணாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் அவர் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. ஊர் போடுகிற பணம் இன்ஜினுக்கே காணாது என்பது அவருக்கும் தெரியும். வெளியே நின்ற போட்டுக்கார அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே வந்திருந்தார். "அண்ணன் மேல நான் குடுக்கமாட்டேன்" என்றார். "போட்டு போனா போவுது. நான் கூடையைத் தூக்கிகினு மார்க்கெட்டுக்குப் போறேன்."

அப்போதுதான் மாமா பேசினார். "ஊர்ல யாரும் போவத் தேவையில்ல தலைவரே. நான் வாடகைக்குக் குந்திகினு கீறவன். உங்க ஊர்க்கட்டுப்பாடு எனக்கு இல்ல. நானே போயிக் குடுக்கறேன்."

"நீ யார் மேல குடுக்கப் போற?"

"என் மேலதான்."

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. தலைவர் கையைத் தூக்கி அதை அடக்கினார். பிறகு, ஊர்க்காரர் மேல் ஊர்க்காரர் போவதற்குத்தான் தடை, இதற்கு ஊர் குறுக்கே வராது என்றார். கம்பெனி கொடுக்கிற காசுக்காக அக்கா கோர்ட்டுக்குப் போவதும் ஊர்க்குற்றமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்கு அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் அக்கா ஆரம்பித்தாள். வழக்கு என்று ஒன்று இருந்தால் துறைமுகத்துக்குள் போகும் பாஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். பாஸ் இல்லாமல் டிரெய்லர் எப்படி ஓட்டுவது? "இவதான் ஓட்னான்னு சொல்லிடுங்களேன். இவகிட்ட லைசென்ஸ் கீது. இவளுக்குத் துறைமுகப் பாஸா தேவை?" என்று என்னைக் கை காட்டினாள். எனக்கு அது தப்பாகப் படவில்லை. நான் ஓட்டியதாகவே சொல்லிவிடுகிறேன் மாமா என்றேன். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார். "கெழவி எழுந்து குந்துனா யார் இட்டுப்போனான்னு கேப்பாங்க. அது என் பேரைச் சொல்லும். அப்ப கம்பெனிக்காரன் எல்லாமே பொய்யின்னுவான். அவளுக்கு போட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பாஸைக் காப்பாத்த அவ சோத்துல மண்ணைப் போடச் சொல்றியா?" அக்கா அழுதாள்.

மறுநாள் காலை நானும் அவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய சர்வீஸில் இப்படி ஒரு பிராணியைப் பார்த்ததில்லை. புகார் கொடுப்பவர் பெயரைக் கேட்டார், மாமா சொன்னார். எதிரி பெயரைக் கேட்டார், அதையே சொன்னார். "அண்ணன் தம்பியா? ஒரே பேர் வெச்சிருக்காங்களே" என்றார் ஏட்டு. "ரெண்டும் நான்தாங்க" என்றார் மாமா. ஏட்டு பேனாவை மூடிவிட்டு, குடித்திருக்கிறாரா என்று என்னிடம் கண்ணால் கேட்டார். இடித்தவரே வந்து சொல்ல வேண்டும் என்றுதானே சட்டம் என்று நான் என் வாயைச் சும்மா வைத்திராமல் எடுத்துவிட்டேன். அவர் முறைத்தார். கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து எல்லாவற்றையும் கேட்டு, பின்னால் கவனிக்காமல் வண்டியை எடுத்து அடுத்தவர் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக வழக்குப் பதிந்தார். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டு, எதிர்க் கடையில் டீ குடித்தார். டீ சட்டையில் சிந்தியது. துடைத்துவிடப் போனேன், வேண்டாம் என்று தட்டிவிட்டார்.

பாஸ் போயிற்று. கேஸ் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். மாமா தண்ணீர் லாரி ஓட்டப் போனார். போட்டுக்கார அக்காவின் கணவரும் கொழுந்தனாரும் அடுத்தவர் படகில் கூலிக்கு ஏறினார்கள். நல்ல மீன்பாடுள்ள அந்த நாட்களில் சொந்தப் படகு கல்லின் மேல் கிடக்க, பிறத்தியார் படகில் வலை இழுப்பது ஆண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவே எனக்குக் கூசியது. கம்பெனி அனுப்பிய ஆள் வந்து பார்த்து அளந்து படமெடுக்கும்வரை படகைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் கடல் சீறிக்கொண்டு வந்து கல்லில் அடிக்கும்போதெல்லாம் தெருவே வாசலில் வந்து நிற்கும். மாமா கயிறு போட்டு அதைக் கல்லோடு கட்டிவைத்தார். லாரி ஓட்டிவிட்டு வந்து தினமும் கயிற்றை இழுத்துப் பார்ப்பார்.

பாரிமுனைக் கோர்ட்டில் போட்டுக்கார அக்கா மனுதாரர். நான் எதிர்மனுதாரர், எனக்கு அடுத்தது கம்பெனி. வழக்கு நாளில் மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்து, அக்கா கட்டிவந்த புளிச்சோற்றை ஒரே தூக்குவாளியிலிருந்து சாப்பிடுவோம். அக்காவுக்கு வாதாடிய வக்கீலம்மா இதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "சேர்ந்து வந்து இறங்காதீங்கம்மா. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு கம்பெனியை ஏமாத்தறாங்கன்னு அவங்க வக்கீல் சொல்லுவார். ஓட்டினவரே புகார் குடுத்திருக்காரு, அதுவே அவங்களுக்குச் சந்தேகம்" என்றார். அன்றிலிருந்து பஸ்ஸில் நான் முன்னாலும் அக்கா பின்னாலுமாக உட்கார்ந்தோம். சோறு மட்டும் கைமாறி வந்துவிடும்.

வழக்கு ஒரே ஒரு விஷயத்தில் நின்றது. ஓட்டியவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று நிரூபணமாக வேண்டும். அவர் மேல் தப்பில்லை என்றால் என் மேலும் பொறுப்பில்லை, கம்பெனியும் கொடுக்க வேண்டியதில்லை. சம்பவத்தின்போது காருக்குள் இருந்தவர் அக்கா; அவர்தான் சாட்சி. வக்கீலம்மா அவரிடம், "என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்க, பின்னால பாக்காம எடுத்தார்னு சொல்லுங்க, போதும்" என்று எத்தனையோ தடவை சொன்னார். அக்கா ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார்.

அக்கா கூண்டில் ஏறிய அன்று மாமாவும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி வக்கீல் எடுத்த எடுப்பில், "படகு கடல்ல இருக்கணும், கரையில இருக்கணும். ரோட்டோரத்துல அதுக்கு என்ன வேலை?" என்றார். "கரை எங்க சார் கீது? கடலு ரோடு வரைக்கும் வந்துகீதே, அதைக் கேட்டீங்களா?" என்றார் அக்கா. எனக்கு எழுந்து கைதட்டலாம் போல இருந்தது. வாடகைக்காக ஓட்டிய வண்டியா, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி. வாடகைக்கு ஓடியது என்று ஆகிவிட்டால் கம்பெனி தப்பித்துவிடும். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உசுரைத் தூக்கிகினு ஓடறவன் எங்கன்னா மீட்டர் போடுவானா? உங்க ஊர்ல போடுவாங்களா?" ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வக்கீல் குரலைத் தணித்துக்கொண்டு கடைசியாகக் கேட்டார். "அவர் ரொம்ப வருஷமா வண்டி ஓட்டறவர். உங்க மாமியாரைக் காப்பாத்தினவர். அவர் மேல தப்பு இருக்குன்னு மனசாட்சியோட சொல்லுவீங்களா?"

அக்கா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். கடைசி பெஞ்சை நிமிர்ந்து பார்த்தார். "இல்ல சாமி" என்றார். "அண்ணன் மேல தப்பே இல்ல. நான்தான் எடு எடுன்னு கத்துனேன். தப்பு என்னுது."

வக்கீலம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கம்பெனி வக்கீல் அந்த வார்த்தையைப் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுவிட்டு, திருப்தியாக உட்காரப் போனார். அடப்பாவி மகளே, உன் படகை நீயே இரண்டாவது தடவை உடைத்துவிட்டாயே என்று எனக்கு அலற வேண்டும் போல இருந்தது. அதற்குள் மாமா எழுந்துவிட்டார்.

"பொய் சொல்லுதுங்க அது!" கன்டெய்னர் வரிசையில் கேட்கும் அதே குரல். கோர்ட்டே திரும்பியது. "பொய்யி! அது கத்துனா கத்தட்டும், ஸ்டியரிங்கைப் புடிச்சிகினு இருந்தவன் நானு. பின்னால பாத்துட்டு எடுக்கறது டிரைவர் வேலை. நான் பாக்கல. அந்தப் பொம்பள எனக்காகப் பொய் சொல்லுது, நம்பாதீங்க!"

டவாலி ஓடிவந்தார். உட்காராவிட்டால் வெளியே அனுப்புவேன், கோர்ட்டை அவமதித்ததாக நடவடிக்கை எடுப்பேன் என்று ஜட்ஜம்மா அதட்டினார். மாமா உட்கார்ந்தார், மூச்சு வாங்கியது. கம்பெனி வக்கீல், இதெல்லாம் ஏற்பாடு செய்த நாடகம் என்றார். ஜட்ஜம்மா அவரைக் கையமர்த்தினார். பிறகு அக்காவிடம், "நல்லவரா கெட்டவரான்னு நான் கேட்கலம்மா. உங்க கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க. வண்டியை எடுக்கும்போது அவர் பின்னால திரும்பிப் பார்த்தாரா?" என்று கேட்டார்.

அக்கா கண்ணில் நீர் வழிய மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அங்கிருந்தே, சொல்லு என்று தலையை ஆட்டினார். கெஞ்சுகிற முகம். அந்த மனிதர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"பாக்கல" என்றார் அக்கா. "எங்க மாமியார் மூஞ்சியையே பாத்துகினு இருந்தாரு. பின்னால பாக்கல."

அந்த வார்த்தையில்தான் வழக்கு நின்றது. பிற்பாடு மாமாவையும் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். அவர் அதையே சொன்னார், இந்தத் தடவை மெதுவாக. போலீஸ் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். தீர்ப்பு வர ரொம்ப காலம் ஆயிற்று, ஆனால் வந்தது. கம்பெனி கொடுத்தது. புதுப் படகும் புது இன்ஜினும் வந்து, மஞ்சள் குங்குமம் வைத்து இறக்கினார்கள். மாமாவின் பாஸ் மட்டும் வரவில்லை. கேஸ் முடிந்தபோது அவருடைய டிரெய்லரில் வேறு டிரைவர் ஏறியிருந்தார். அதைப் பற்றி நான் பேச்செடுத்தால், "போட்டு ஓடுதில்ல, வுடு" என்பார். கோபமில்லாமல் அவர் சொல்லிக் கேட்ட வெகுசில வார்த்தைகளில் அது ஒன்று.

போட்டுக்கார அக்கா மாமாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கோர்ட்டிலிருந்து வெளியே வந்ததுமே என்னிடம், "போட்டை ஒடச்சான், பொறுத்துகினேன். அத்தினி பேர் நடுவுல என்னைப் பொய்க்காரின்னுட்டானே. இனிமே அந்த ஆளோட பேசமாட்டேன்" என்றார். நான் விளையாட்டுக்கு என்று நினைத்தேன். பக்கத்துப் பக்கத்து வீடு, பொதுக் குழாய், ஒரே வாசல். வருஷக்கணக்காக ஒரு வார்த்தை கிடையாது. மாமாவுக்கு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் அக்காவிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவார். மாமா அதைக் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அக்கா குழாயடிக்கு வரும் நேரத்தில் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

இப்போது என்னிடம் வேறு கார் இருக்கிறது. சாவி கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். கொடுப்பதற்கு முன் லைசென்ஸைக் காட்டச் சொல்வேன், தேதி பார்ப்பேன். சொந்தத் தம்பியே ஆனாலும் பார்ப்பேன். முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். சாவியோடு சேர்த்து என் பெயரையும் அல்லவா கொடுத்து அனுப்புகிறேன். நல்லதுக்குப் போன வண்டியும் இடிக்கும் என்பதை நான் பார்த்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் மாமா இறந்துபோனார். லாரியை ஓரங்கட்டி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். விடிந்தபோது வீட்டு வாசலில் அவர் கிடத்தப்பட்டிருந்தார். அந்தக் குப்பத்தில் ஊர்க்காரர் ஒருவர் இறந்தால் அன்று எந்தப் படகும் கடலில் இறங்காது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதும் இல்லை. மீன்பாடு நன்றாக இருந்த நேரம். தெருக்காரர்கள் வந்து ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். படகுகள் ஒவ்வொன்றாக அலையைத் தாண்டிப் போவது வாசலில் இருந்தே தெரிந்தது. சத்தமெல்லாம் அடங்கிய பிறகு பார்த்தேன். கல்லோரத்தில் ஒரே ஒரு படகு மட்டும் அப்படியே நின்றது.

போட்டுக்கார அக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அப்போதுகூட அவர் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இன்னும் கோபமா அக்கா?" என்று கேட்டேன்.

மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டார். "பேசமாட்டேன்னுதான் சொன்னேன்" என்றார். "இன்னிக்குப் போட்டு எறக்குவேன்னு யார்கிட்டன்னா சொன்னேனா?"